ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்: வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

செகண்ட் ஹேண்ட் கார் பற்றி வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுக்க ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியே இருந்தது. அதிலும் பெரும்பாலானவை பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே இருந்து வந்தவை. அதனால் இந்த முறை அவை மட்டும்.

கையில் 15 லட்சம் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு ஒரு வேகன் ஆர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓட்ட மட்டும் ஒரு வண்டி. மெர்சிடிஸ் எஸ்எல்கே, பி.எம்.டபிள்யூ இசட்4, ஆடி டிடி, இதில் எதை வாங்கலாம்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பணத்தை முதலில் பிரித்துவிடுங்கள்: 11 லட்சம் வண்டிக்கு, 4 லட்சம் வண்டி வீட்டுக்கு வந்தபின் வரும் முதல் வருடத்துக்கு. புதிதில் அரைக் கோடியைத் தொட்ட கார் இன்று 11 லட்சத்துக்கு இறங்கியிருக்கலாம். அதன் பிரேக் டிஸ்க்கும் ஷாக் அப்சார்பரும் இன்னும் அரைக் கோடி காருக்கான விலையில்தான் வருகின்றன. 15 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு நாலு டயருக்குக் கடன் வாங்கியவர்தான், ஆறு மாதத்தில் அதே வண்டியை ‘அவசர விற்பனை’ என்று போடுகிறார்.

உங்கள் கணக்குக்கு எங்கள் தேர்வு ரெண்டாம் தலைமுறை மெர்சிடிஸ் எஸ்எல்கே 200 கம்ப்ரஸர். 1.8 லிட்டர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர். 2004 முதல் வந்தது 163 குதிரைத்திறன், 2008-ல் முகம் மாறி வந்தது 184. பிந்தையது கிடைத்தால் அதுவே. நாலு சிலிண்டர் என்பதால் பானெட்டுக்குள் கை நுழைய இடம் இருக்கிறது. 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அந்தக் காலத்துப் பல மெர்சிடிஸ் செடான்களில் வந்ததுதான், அதனால் வேலை தெரிந்த மெக்கானிக் சென்னையில் கிடைப்பார்.

இதில் மூன்று இடங்களைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ஒன்று, டைமிங் செயின், அதாவது எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் ஓட்டும் சங்கிலி. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் ரெண்டு மூன்று விநாடி ‘கடகட’வென்று சத்தம் வந்து அடங்கினால் செயின் நீண்டிருக்கிறது, கூடவே கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், “நாளைக்குக் காலைல வர்றேண்ணே” என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். ரெண்டு, எஞ்சினின் முன்பக்கம் இருக்கும், வால்வு நேரத்தை மாற்றும் கேம் அட்ஜஸ்டர் மேக்னட்கள். அவற்றின் பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஆயில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஆயில் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி வயருக்குள்ளேயே ஏறி, எஞ்சின் கம்ப்யூட்டர் வரை போகும். மேக்னட் சின்னச் செலவு, கம்ப்யூட்டர் அப்படியல்ல. மூன்று, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் 13 பின் கனெக்டர். அதன் உள்ளே ரெண்டு ஓ-ரிங் உண்டு. அவை காய்ந்து போனால் கியர் ஆயில் கசிந்து, வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். புரோக்கர் இதைக் காட்டி “கியர்பாக்ஸ் போச்சு, அதனால ரேட்டைக் கம்மி பண்றேன்” என்றால், கனெக்டர் மட்டும்தானா என்று பார்த்துவிட்டு விலை பேசுவது உங்களுக்கு லாபம்.

அதே உருவத்தில் வரும் எஸ்எல்கே 350, வி6, 272 குதிரைத்திறன். ஓட்டினால் மயக்கும். ஆனால் 2004 முதல் 2006 வரை செய்த எஞ்சின்களில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் சீக்கிரம் தேயும், அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். ரசீதோடு மாற்றியிருந்தால் ஒழிய வேண்டாம்.

இசட்4-ல் மடங்கும் இரும்புக் கூரை கொண்டது 2009-க்குப் பிறகு வந்தது. நம் ஊரில் பெரும்பாலும் 35ஐ-தான் கிடைக்கும்: 3 லிட்டர், ரெண்டு டர்போ, 306 குதிரைத்திறன். மூன்றிலும் ஓட்டச் சிறந்தது இதுதான். உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட், எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் என்று வரிசையாகக் கேட்கும். நீங்கள் ஒதுக்கிய 4 லட்சம் இதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

டிடி கண்டிப்பாகச் சொன்னால் ரெண்டு சீட்டு இல்லை. பின்னால் ரெண்டு சீட் உண்டு, அதில் பை வைக்கலாம். ஆனால் கூரை நிலையானது, மடங்காது, ஒழுகாது. தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு நாங்கள் எஸ்எல்கே-க்கு முன்னால் டிடி-யைத்தான் சொல்வோம். 6 ஸ்பீடு டிஎஸ்ஜி (ரெட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸுக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பில் இருக்க வேண்டும். 2010 வரை வந்த 200 குதிரைத்திறன் 2.0 எஞ்சினில் பெட்ரோல் பம்பைத் தள்ளும் கேம் ஃபாலோயர் என்று விரல் நுனி அளவு ஒரு கிண்ணம் இருக்கிறது. அதைக் கழற்றி அதன் கறுப்புப் பூச்சு தேய்ந்திருக்கிறதா பார்க்க அரை மணி நேரம் போதும். ஓட்டை விழும்வரை விட்டால் கேம்ஷாஃப்ட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

எர்ணாவூரில் கடலுக்குப் பக்கம் வீடு. மடங்கும் கூரை உள்ள வண்டி இங்கே தாங்குமா? துணிக் கூரை நல்லதா, இரும்புக் கூரையா?
– வாசகர், எர்ணாவூர்

உப்புக் காற்றைச் சமாளிக்கலாம். மடங்கும் கூரை வண்டியைக் கொல்வது தேங்கும் தண்ணீர்தான்.

எந்தக் கூரையாக இருந்தாலும் ரப்பர் விளிம்பு முழுத் தண்ணீரையும் தடுப்பதில்லை. கொஞ்சம் உள்ளே வரும், அது கால்வாயில் இறங்கி, குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் பின்னால் வெளியேறும். அந்தக் குழாயின் உள்விட்டம் சுண்டுவிரல் அளவுதான். எண்ணூர்ப் பக்கம் காற்றில் வரும் சாம்பல், வேப்பம்பூ, புழுதி எல்லாம் சேர்ந்து அதில் களியாக அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு ஐப்பசி மழை போதும். பழைய துணிக்கூரை இசட்4-ல் (2002 முதல் 2008 வரை) கூரையை இயக்கும் ஹைட்ராலிக் மோட்டார், கூரை மடங்கி உட்காரும் குழியின் அடியில் இருக்கிறது. குழாய் அடைத்தால் மோட்டார் மூழ்கும். போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறையில் அலாரமும், சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் இம்மொபிலைசரும் சேர்ந்த கன்ட்ரோல் பெட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, கால்வாயில் மெதுவாக ஊற்றுங்கள். ரெண்டு பக்கமும் தனித்தனியே. அரை நிமிடத்துக்குள் கீழே தரையில் சொட்ட வேண்டும். ஊற்றியது அப்படியே நின்றால் அடைப்பு. கீழே வராமல் மறைந்துவிட்டால் இன்னும் மோசம், வண்டிக்குள் எங்கேயோ போகிறது. பிறகு கூரையை மூடி, வாட்டர் வாஷ் கன் இல்லாமல் சாதாரண ஹோஸில் பத்து நிமிடம் மழை மாதிரி விடச் சொல்லி, நீங்கள் உள்ளே உட்காருங்கள். கண்ணாடி மேல்விளிம்பு, முன் தூணின் மூலை, சீட்டுக்குப் பின்னால் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். கடைசியில் கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை அழுத்துங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் ஊறிக்கிடக்கும். அதுதான் வழக்கம்.

கூரையை மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். எஸ்எல்கே-வில் 22 விநாடி, புதிய இசட்4-ல் 20 விநாடி அளவு. முதல் முறை சரியாகப் போய் மூன்றாவது முறை திணறினால் ஹைட்ராலிக் ஆயில் குறைவு, அதாவது எங்கோ சிலிண்டர் கசிகிறது. கூரையே அசையவில்லை என்றால் உடனே பயப்படாதீர்கள். டிக்கிக்குள் சாமான் தடுப்புத் திரை ஒன்று உண்டு, அது பூட்டி இருந்தால்தான் கூரை வேலை செய்யும். அதுவும் சரி என்றால் டிக்கி கீல் பக்கம் மடங்கி மடங்கி அறுந்த வயரைத் தேட வேண்டும்.

துணியா இரும்பா என்று கேட்டால் உங்கள் தெருவுக்கு இரும்புதான். துணிக் கூரையைப் பூனை ஒரே இரவில் கிழித்துவிடும், காக்கை எச்சம் கறையாகும், பின்கண்ணாடி ஒட்டு வெயிலில் விடும். துணிக் கூரைக்கு ஒரு நன்மை: எடை குறைவு, பாகங்கள் குறைவு, கெட்டால் செலவும் குறைவு.

ரப்பர் விளிம்புக்கு மாதம் ஒருமுறை சிலிகான் தடவுங்கள். வாஸ்லின், கிரீஸ் போன்ற பெட்ரோலியச் சரக்கு வேண்டாம், ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். குழாயைச் சுத்தம் செய்யக் காற்றழுத்தம் வைக்காதீர்கள். நடுவில் இணைப்பு கழன்றால் மறுபடி மாட்ட உள்ளறை முழுதையும் பிரிக்க வேண்டும். சைக்கிள் பிரேக் கேபிளின் முனையைத் தீட்டி மழுங்கவைத்து மெதுவாக விட்டு இழுத்தால் போதும்.

வெள்ளத்தில் முங்கிய வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்கிறவர் சத்தியம் செய்கிறார்.
– வாசகர், வியாசர்பாடி

மழை வந்தால் முங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையைப் பார்த்து வளர்ந்தவருக்குத் தண்ணீரின் கோடு தெரியாதா என்ன? வண்டியிலும் அதே கோட்டைத்தான் தேட வேண்டும்.

சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழம் யாரும் கழுவாத இடம். அங்கே மண் நிறக் கோடு இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அடுத்து சீட் ரெயிலைத் தரையோடு பிடிக்கும் போல்ட் தலைகள், பெடலின் மேல்பக்கம், ஸ்டீரிங் தண்டின் அடிப்பகுதி. கடலோர வண்டியில் வெளியே துரு இருப்பது சகஜம். சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடிக்க உள்ளே தண்ணீர் நின்றிருக்க வேண்டும். ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்து கனெக்டர் பின்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கர் வலைக்குள் டார்ச் அடியுங்கள். ஏசியை அதிகபட்ச வேகத்தில் வைத்து, முதல் காற்றை மோந்து பாருங்கள். காரில் சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் அதுவே ஒரு பதில்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் ஒரே ஒரு கோளாறு காட்டுவது சாதாரண வண்டி. சம்பந்தமே இல்லாத ஏழெட்டு கன்ட்ரோல் யூனிட்டுகள் ‘தொடர்பு இல்லை’ என்று காட்டினால் நனைந்த வண்டி. எல்லாம் சுத்தமாக இருந்து, ‘சோதனைகள் இன்னும் முடியவில்லை’ என்று மட்டும் காட்டினால் கோளாறுப் பதிவுகளைக் காலையில்தான் அழித்திருக்கிறார்கள். ஐம்பது அறுபது கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

காகிதத்திலும் கோடு விழும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேட்டு வாங்கி, நோ கிளெய்ம் போனஸ் சதவீதத்தை வரிசையாகப் பாருங்கள். 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறும். கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருடம் பூஜ்யம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிந்தைய புதுப்பிப்பில் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், எதற்குக் கிளெய்ம் என்று கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் அதே கணக்கு. ஓனர் மாறினாலும் போனஸ் பூஜ்யமாகும், ஏனென்றால் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. அதையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டெல்லியில் அதே வண்டி மூன்று நாலு லட்சம் குறைவாகக் கிடைக்கிறதே, கொண்டுவந்தால் என்ன?
– வாசகர், மாதவரம்

குறைவாகக் கிடைக்கக் காரணம் இருக்கிறது. அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம், டீசலுக்கு 10 வருடம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட கட்டுப்பாட்டை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது (2025-ல் அதைக் கொஞ்சம் தளர்த்தியது). அதிலிருந்து 13, 14 வயதான பெட்ரோல் கார்கள் தெற்கே இறங்கிவருகின்றன. வண்டியில் குறை இல்லை. வடக்கே உப்புக் காற்று இல்லாததால் அடிப்பாகம் நம் ஊர் வண்டியை விடச் சுத்தமாகவே இருக்கும்.

கணக்குதான் வேறு. அங்கிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), கடன் இருந்தால் படிவம் 35-ல் ஹெச்.பி. கேன்சல் (ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குவது), பெயர் மாற்றத்துக்கு 29, 30, இங்கே புதிய நம்பருக்கு 27. இதெல்லாம் அலைச்சல் மட்டுமே. வலிப்பது வாழ்நாள் வரி. அது நீங்கள் கொடுத்த 11 லட்சத்துக்குப் போடப்படுவதில்லை. வண்டியின் அசல் விலையை வைத்து, வயதுக்கு ஏற்பக் கழித்துப் போடப்படுகிறது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு இதைவிடக் குறைவு என்றாலும், அரைக் கோடி காரில் அந்தக் குறைந்த வரியே லட்சங்களில் வரும். மூன்று லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் அதை இங்கே கட்டிவிட்டு வருவதில் என்ன லாபம்? வண்டி பார்க்க ரயில் ஏறும் முன், ஆர்.சி. நகலோடு செங்குன்றம் டிஎன் 18-லோ உங்களுக்கான ஆர்.டி.ஓ. எதுவோ அங்கேயோ போய், தொகையைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

15 வயதுக்குப் பிறகு படிவம் 25-ல் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: 2022 ஏப்ரல் முதல் சாதாரண காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000. 20 வயதைத் தாண்டிய வண்டிக்கு 2025-ல் இதை 10,000, 80,000 என்று ஏற்றிவிட்டார்கள். நாம் பேசும் கார்களில் அநேகமாக எல்லாமே முழு வண்டியாக இறக்குமதியானவை.

உள்ளூரிலேயே வாங்கினாலும் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸும் 14 நாளுக்குள். “அப்புறம் மாத்திக்கலாம் தம்பி” என்பவரிடம் வாங்க வேண்டாம்.

மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று ‘கார்னே’ பேப்பரில் இருக்கிறது, 6 லட்சம் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ராயபுரம்

கூடாது. கார்னே என்பது வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப்போக வேண்டிய வண்டிக்கான சீட்டு. அதை இங்கே விற்கவே முடியாது. சுங்கத்துறை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகும், கொடுத்த பணமும் போகும். எம்எக்ஸ்-5-ஐ மஸ்டா இந்தியாவில் விற்றதில்லை. பழைய காரை இறக்குமதி செய்ய மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும், வலப்பக்க ஸ்டீரிங் வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். இறக்குமதிக்குச் சுங்கத்துறையில் தாக்கல் செய்த ‘பில் ஆஃப் என்ட்ரி’யின் அசலையும் வரி கட்டிய ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார்கள்.

போர்ஷே பாக்ஸ்டர் என்றாலே ‘ஐஎம்எஸ் பேரிங்’ என்று பயமுறுத்துகிறார்கள். அது என்ன?
– வாசகர், பெரம்பூர்

எஞ்சினுக்குள் ஓடும் இடைத்தண்டின் (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ்) ஒரு முனையைத் தாங்கும் பேரிங். அது உடைந்தால் டைமிங் குலைந்து எஞ்சின் முழுதும் போகும். 2000 முதல் 2005 வரை வந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் அதிகம் உடைகிறது. நல்ல செய்தி, அதை வெளியிலிருந்தே மாற்றலாம். கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கும்போது கூடவே செய்ய வேண்டும். 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங், உடைவது குறைவு, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. 2009-ல் வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே இல்லை. பட்ஜெட் இடம் கொடுத்தால் 2009-க்குப் பிந்தையதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

பழையதுதான் என்றால், வாங்கும் முன் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே மடிந்திருக்கும் காகிதத்தை வெட்டி விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுக்கும் இரும்புத் தூள் இருந்தால் காந்தத்தில் ஒட்டும். ஒட்டினால் வேண்டாம்.

உங்கள் ஊருக்கு இதைவிட முக்கியமான ஒன்று: எஞ்சின் நடுவில் இருப்பதால் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் ரெண்டு மூலையிலும் தனித்தனியே இருக்கின்றன. இலை, பாலித்தீன், மணல் எல்லாம் அந்தப் பொந்தில் போய்ச் சேரும். உப்பு ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். பம்பர் ஓட்டைக்குள் டார்ச் அடித்து, ஏசி கண்டென்சரின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தால் கூலன்ட்டும் ஏசியும் ஒன்றாகப் போகும் நாள் பக்கத்தில் இருக்கிறது.

மெக்கானிக்கைக் கூட்டிப்போக முடியாத சூழ்நிலை. நானே என்ன பார்க்கலாம்?
– வாசகர், புளியந்தோப்பு

முடியாவிட்டால் வேறு நாள் போங்கள். அதுவும் முடியாது என்றால் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். கம்பெனி பெயின்ட் 90 முதல் 150 மைக்ரான். 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட், 500-க்கு மேல் போனால் பட்டி பார்த்திருக்கிறார்கள். காந்தத்தை நம்பாதீர்கள். இசட்4-ன் பானெட்டும் ரெண்டாம் தலைமுறை டிடி-யின் முன்பாதியும் அலுமினியம், காந்தம் ஒட்டாது. அதை வைத்து “பட்டி அடிச்சிருக்கான்” என்று சண்டைக்குப் போய் அவமானப்பட வேண்டாம். மீட்டரும் அலுமினியத்தைப் படிக்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம். ஆறு வயது தாண்டிய டயர் பூ இருந்தாலும் கழிவுதான், விலையில் கழியுங்கள். நாலும் நாலு கம்பெனி என்றால் ஓனர் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். டயருக்குக் கஞ்சம் பிடித்தவர் ஆயிலுக்கு மட்டும் தாராளம் காட்டியிருப்பாரா?

ரீடிங் குறைத்திருக்கிறார்களா என்று அறிய, மீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். பி.எம்.டபிள்யூ-வில் மீட்டரைத் தவிர வேறு யூனிட்டுகளிலும் கி.மீ. தனியே பதிவாகும். எல்லாம் ஒத்துப்போக வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சம்மதித்தால் எடுங்கள். எண் எவ்வளவு என்பதை விடச் சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம்.

மணலி நெடுஞ்சாலை, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, எங்கும் கன்டெய்னர் லாரி. இவ்வளவு தாழ்ந்த வண்டியை ஓட்ட முடியுமா? ஸ்பீட் பிரேக்கரில் அடி வாங்காதா?
– வாசகர், மணலி

ஸ்பீட் பிரேக்கர் விதிப்படி போட்டால் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், ஏறி இறங்குவது தெரியாமல் இருக்க வேண்டும். நம் தெருவில் இருப்பது ஊர்க்காரர்கள் கூடி ஒரு மூட்டை சிமென்ட்டில் போட்டது. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன், ரெண்டு பேர் உட்கார்ந்த நிலையில் அடியில் மிகத் தாழ்ந்த இடத்தை இரும்பு ஸ்கேல் வைத்து அளந்து, உங்கள் தெரு மேட்டையும் அளந்துவிடுங்கள். ஏறும்போது சாய்வாக, ஒரு சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரி போங்கள். முந்தைய ஓனர் வண்டியைத் தாழ்த்தும் ‘லோயரிங் ஸ்பிரிங்’ போட்டிருந்தால் அசல் ஸ்பிரிங் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதன் விலையைக் கழியுங்கள்.

லாரி விஷயம் உயிர் விஷயம். டிரெய்லர் டிரைவர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மூக்குக்கு முன்னால் ரெண்டு மூன்று மீட்டரும், இடப்பக்கம் கதவுக்குக் கீழேயும் அவருக்குத் தெரியாது. வேகன் ஆர் அங்கே நின்றால் கூரையாவது தெரியும், உங்கள் வண்டி தெரியவே தெரியாது. துறைமுகத்து ஜீரோ கேட் வரிசையில் லாரிக்கு இடப்பக்கம் நுழையாதீர்கள். திரும்பும்போது டிரெய்லரின் பின் சக்கரங்கள் முன் சக்கரத் தடத்தில் வருவதில்லை, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும்.

கன்டெய்னர் கட்டும் கம்பித் துண்டு, ஆணி எல்லாம் சாலையோரத்தில்தான் கிடக்கும், அதனால் ஓரத்தை விட்டு ஓட்டுங்கள். இசட்4-ல் ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃப்ளாட் டயர். காற்று இறங்கினால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் 80 கி.மீ. தூரம் போகலாம். ஓட்டை நடுவில் என்றால் உள்பக்கமிருந்து காளான் பேட்ச் போடலாம், பக்கச் சுவரில் என்றால் டயரே போச்சு.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஞாயிறு காலை வேகம் போகலாமா?
– வாசகர், மீஞ்சூர்

வேண்டாம். ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் டிரெய்லர் எந்தத் திருப்பத்தில் என்று யாருக்கும் தெரியாது. வேகம் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குப் போங்கள். 1990-ல் அது வருவதற்கு முன் சென்னையின் கார் பந்தயம் உங்கள் பக்கத்துச் சோழவரம் விமானத் தளத்தில்தான் நடந்தது. அந்தப் பக்கத்துக்காரர் நீங்கள், தளத்துக்கு இன்று ஊரைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

சான் ஸ்டார்ம் (இந்தியாவிலேயே செய்த ரெண்டு சீட்டு கார்) ஒன்று நாலு லட்சத்துக்குள் வருகிறது. ஃபைபர் பாடி எல்லாம் விரிசல். எடுத்துச் சரிசெய்யலாமா?
– வாசகர், காசிமேடு

எடுக்கலாம், உங்கள் ஊரில் என்பதால் துணிந்து சொல்கிறோம். 1149 சிசி ரெனோ எஞ்சின், 60 குதிரைத்திறன், ஃபைபர் பாடி. பெரிய வேகம் இல்லை, ஆனால் வண்டி இலேசு, கூரையைக் கழற்றினால் காற்று இலவசம். அதே எஞ்சின் ஐரோப்பாவில் க்ளியோ, ட்விங்கோ கார்களில் ஓடியது, எஞ்சின் பாகம் தேடும்போது அந்தப் பெயர்களைச் சொல்லித் தேடுங்கள். வாங்கியதும் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பெல்ட் எப்போது போட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது பாடியை இல்லை, அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தை. ஃபைபர் துருப்பிடிக்காது, அதனால் மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே சட்டம் அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள், குறிப்பாக சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களில். குழி விழுந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

விரிசலில் ரெண்டு வகை. சிலந்தி வலை மாதிரி மேலோட்டமாக இருப்பது மேல்பூச்சு மட்டும். காசு ஒன்றால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டக் டக்’ என்பது ‘டொப்’ என்று மாறும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. அதைப் பட்டி போட்டு மூடினால் மூன்று மாதத்தில் மறுபடி வாய் பிளக்கும். விரிசலின் ரெண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டு நிறுத்தி, சுற்றிலும் சரிவாக அரைத்து, உள்பக்கமிருந்து 300 அல்லது 450 கிராம் ஃபைபர் மேட்டை மூன்று அடுக்கு வையுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ரோலரால் காற்றுக் குமிழைத் தள்ள வேண்டும். பாலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம், சித்திரை வெயிலில் 1 போதும். கூடினால் சூடேறி வெடிப்பு விடும். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முதலில் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்டனர்.

இதையெல்லாம் கார் டிங்கரிங் ஷெட்டில் சொன்னால் முழிப்பார்கள். துறைமுகத்தில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவருக்கு இது தினசரி வேலை. வண்டியை அவரிடம் கொண்டுபோங்கள். பெயின்ட்டுக்கு மட்டும் ஷெட்டுக்கு வந்தால் போதும்.

வாரம் ஒருநாள்தான் எடுப்பேன். மற்ற நாள் சும்மா நிற்பதால் கெடுமா?
– வாசகர், கொளத்தூர்

கெடும். வாரம் ஒருநாள் எடுத்தாலும் ஆயில் நன்றாகச் சூடேறும்வரை இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். கேட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவதால் சைலன்ஸருக்குள் தண்ணீர்தான் சேரும். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். இந்த வண்டிகளில் பேட்டரி இறங்கினாலே எச்சரிக்கை விளக்குகள் ஊர்வலம் வரும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்குமென்றால் டேங்கை நிரப்பி, டயரில் 5 பவுண்டு காற்றுக் கூட்டி, ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வியர்த்து வண்டியை அரிக்கும். காற்றுப் புகும் துணிக் கவர் நல்லது. இப்போது எல்லா பங்க்கிலும் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பத்துப் பதினைந்து வருடப் பழைய வண்டியில் பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிட்டு, வருடம் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றோ வெடிப்பாகவோ இருந்தால் மறுபடி மாற்றுங்கள்.

எலி. கொளத்தூரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பானெட்டுக்குள் ஒரு பல்ப் எரியவிடுவதும், வாரம் ஒருமுறை ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பதும்தான் எங்களுக்குத் தெரிந்து ஓரளவு பலிக்கும் வழி.

மூன்று வயதுக் குழந்தையை முன் சீட்டில் கூட்டிப்போகலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

குழந்தைச் சீட் இல்லாமல் கூடாது, மடியில் கூடவே கூடாது. பின்னோக்கி வைக்கும் சீட் என்றால் பயணி பக்க ஏர்பேக் அணைந்திருக்க வேண்டும். வண்டியில் சாவியால் அணைக்கும் ஸ்விட்ச் இருக்கிறதா, அணைத்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் அணையவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னோக்கிய சீட் என்றால் பயணி இருக்கையை முடிந்தவரை பின்னால் தள்ளி வையுங்கள். குழந்தையோடு அடிக்கடி போக வேண்டியிருந்தால், வேகன் ஆர் வகையில் ஏதாவது ஒன்றை முதலில் வாங்கிவிட்டு இதற்கு வாருங்கள்.